இது எந்தூரு கடலு?

மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், முந்தின வாரம் அதே கரையில் எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்தூரு கடலு சார்?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். ஊதாவும் ஆரஞ்சுமாக நான் குழைத்துவைத்திருந்த வானத்தின் கீழ், தினமும் இறங்குகிற கடல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

கடல் படத்தைக் கணினியில் திருத்துவதே ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1857-ஐ நினைவூட்டலாம். பிரான்ஸின் தென்கரை ஊரான செத்தில் குஸ்தாவ் லெ கிரே 'பேரலை' படத்தை எடுத்தது அந்த ஆண்டில்தான். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிய கொலோடியன் ரசாயனம் நீல ஒளிக்கு மட்டும் அவசரக்காரன். கடல் சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துப்போய்விடும். லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு இன்னொன்று என வைத்துக்கொண்டு, இரண்டையும் தொடுவானத்தில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். மேகம் கடலைத் தொடும் இடத்தில் வெட்டுப்பட்டு நிற்பதை இன்றும் பார்க்கலாம். அதன் பிரதி ஒன்று 1999-இல் லண்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. ஆக, திருத்தினோமா என்பது பிரச்சினையே இல்லை. திருத்திய பிறகும் அது கடலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் படத்துக்கு வருவோம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே ஒதுங்கி எழும். குப்பத்து மணலில் நின்றால் கடற்கரைக் கோயிலும் உதயமும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். முன்னால் ஒரு ஃபைபர் படகு, காலடியில் நுரை, தூரத்தில் மூட்டம். அன்று கெடுத்துவைத்த படத்தின் ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்த மூலப் பதிவை, மறுபடி திறந்தேன்.

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஆனால் இந்தப் படிகள் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒளி பாதியானால், அதாவது ஒரு ஸ்டாப் இறங்கினால், சென்சார் எழுதும் எண்ணும் பாதியாகும். அதனால் மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப் 8,192 படிகளை விழுங்கிவிடுகிறது. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048. படகின் உட்புறத்து இருட்டுக்கு வந்து சேரும்போது சில பத்துகள்தான் மிச்சம். அந்த இருட்டை ஷேடோ ஸ்லைடரால் இழுத்துத் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்புவதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். கொஞ்சம் வெளிச்சமாகவே எடுத்துவந்து கணினியில் இறக்குவது லாபம். ஆனால் நிரம்பி வழியக் கூடாது, வழிந்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது.

உதயத்தில் முதலில் வழிவது சிவப்பு. சிவப்பு உச்சத்தில் முட்டி நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆரஞ்சாக இருக்கவேண்டிய இடம் மஞ்சளாகத் திரியும். என் படத்தில் சூரியனைச் சுற்றி எலுமிச்சை நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது, அதற்குக் காரணம் இதுதான். வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராமில் இது தெரியாமல் போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் விடியலில் ஆகாது. பொழுதின் செம்மையையே கோளாறு என்று நினைத்துத் துடைத்துவிடும். 5,500 கெல்வின் அருகே வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது வானத்துக்கும் கடலுக்கும் உள்ள வழக்கு. நேர் கீழே குனிந்து பார்த்தால் தண்ணீர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் சுமார் 2 சதவீதம்தான். சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கூடும். ஆனால் அலைகள் தட்டையாக இருப்பதில்லை. நம்மை நோக்கிச் சாய்ந்த அலைமுகம் தொடுவானத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே உயரத்தில் இருக்கும் இருண்ட வானத்தைத்தான் காட்டும். அதனால் தொடுவானத்துக்குக் கீழே உள்ள கடல், மேலே உள்ள வானத்தைவிட ஒரு படி மங்கலாகவே இருக்கும். வானத்தை இறக்கி, கடலை ஏற்றி, இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஏனென்று தெரியாமலே பார்ப்பவருக்கு உறுத்தும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து எதிரே மேகம் கறுத்திருந்தால் கதை வேறு.

வானத்தை இறக்க எல்லோரும் மேலிருந்து கீழாக படிப்படியாகத் தேயும் ஒரு கிராஜுவேட்டட் மாஸ்க் இழுப்போம். அது கோயில் விமானத்தின் உச்சியையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும், அடிப்பகுதி மட்டும் வெளிச்சமாக நிற்கும். ஒரே கல்லுக்கு இரண்டு நிறம்! மாஸ்க்கில் பிரகாசமான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கோயிலைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

மூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காற்றிலுள்ள உப்புத் துகளும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து, தூரத்துப் பொருள்மேல் ஒரு வெளிச்சத் திரையைப் போர்த்துகின்றன. பக்கத்துப் படகின் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், தூரத்துக் கோயிலின் கறுப்பு சாம்பலாகிவிடும். நம் கண் தூரத்தை அளப்பதற்கு இதுவும் ஒரு வழி. 2015-இல் லைட்ரூம் மென்பொருளில் மூட்டத்தைத் துடைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் வந்தபோது நானும் அதை வலது கோடிவரை தள்ளி மகிழ்ந்தவன்தான். கோயில் படகுக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது 10-ஐத் தாண்டுவதில்லை. கான்ட்ராஸ்ட் வேண்டுமென்றால் படகுக்கும் ஈரமணலுக்கும் மட்டும் தனி மாஸ்க் போட்டுக் கூட்டுகிறேன்.

நுரை வெள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். சூரியன் எதிரே இருக்கும்போது நம் பக்கத்து நுரை நிழலில் கிடக்கிறது. அதன்மேல் விழுவது வானத்து ஒளி, அதனால் அது நீலம் கலந்த சாம்பல். அதை வெளுக்க வைத்தால் காகிதத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதைத் தொடாதீர்கள்.

எது செய்தாலும் ரா கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் படத்தின் பதிவில் கைவைப்பதில்லை. எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினோம் என்ற குறிப்பை மட்டும் தனியே எழுதிவைத்துக்கொள்கின்றன. என் ஊதா வானத்தைத் துடைக்க ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதுமாயிருந்தது.