வெடிபொருள் ஏற்றும் கப்பலில் சிறு தவறும் பேராபத்து

வெடிபொருள் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தால் அணைத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. தீயே மூளாதபடி சரக்கை ஏற்றுவதுதான் உண்மையான பாதுகாப்பு. இதற்கு 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய் துறைமுகத்தில் நிகழ்ந்த விபத்து கசப்பான சான்றாகும்.

'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற சரக்குக் கப்பல், ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளுடன் இங்கிலாந்திலிருந்து வந்தது. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள் ஏற்றப்பட்டன. எளிதில் தீப்பற்றும் பஞ்சும் வெடிபொருளும் ஒரே சரக்கறையில் அடுக்கப்பட்டன. தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

பம்பாயில், நகரை ஒட்டிய விக்டோரியா துறையில் சரக்கு இறக்கும்போது பஞ்சிலிருந்து புகை கிளம்பியது. ஆபத்தான சரக்கைக் காட்டும் சிவப்புக் கொடி கப்பலில் பறக்கவில்லை. கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று உறுதியாக எவரும் முடிவெடுக்கவில்லை. தீ மூண்ட சுமார் இரண்டு மணி நேரத்தில், மாலை 4.06க்குக் கப்பல் வெடித்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பிரித்து வைத்தல். அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் ஆபத்தான சரக்கு விதித்தொகுப்பு 2004ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அது வெடிபொருள்களை 13 பொருத்தப் பிரிவுகளாக வகுக்கிறது. ஒன்றோடொன்று சேரக்கூடாதவற்றை ஒரே இடத்தில் அடுக்க முடியாது. வெப்பம் தரும் இயந்திர அறையிலிருந்தும் அவை விலகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இடமும் அடையாளமும். குடியிருப்புகளுக்கும் மற்ற கப்பல்களுக்கும் எட்டத்தில் கப்பலை நிறுத்த வேண்டும். பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஆயத்தம். சரக்கு ஏற்றும்போது புகைத்தல், பற்றவைப்பு வேலை, எரிபொருள் நிரப்புதல் ஆகியவை கூடாது. தண்ணீர்க் குழாய்கள் முன்கூட்டியே பொருத்தப்பட வேண்டும். ஆபத்து நேர்ந்தால் இழுவைப் படகு உடனே இழுத்துச் செல்ல வசதியாக, கப்பலின் முன்னும் பின்னும் கம்பிவடங்கள் தொங்கவிடப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, சரக்கைப் பற்றி உண்மையை அறிவித்தல். தாம் தூக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது கப்பல் தலைவருக்கு மட்டுமன்றி, சரக்கறைக்குள் நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். முதலில் பலியாவது அவர் உயிர்தானே!