மாநகராட்சியின் ஜாப் ஒர்க்

ஒரு டி-சர்ட் திருப்பூரில் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க்காகக் கைமாறிக்கொண்டே போகும். ஆர்டர் எடுத்தவர் எல்லா மிஷினையும் வாங்கிப் போட வேண்டாம். எல்லோருக்கும் மாதச் சம்பளம் தரவும் வேண்டாம். ஊர் வளர்ந்தது இப்படித்தான். இப்போது மாநகராட்சியும் அதே வழியில் நடக்கிறது. வீட்டுக் குப்பையை எடுப்பது ஒப்பந்த நிறுவனத்தின் வேலை.

சம்பளச் செலவைக் குறைக்கும் ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2001 நவம்பரில் அரசுப் பணி நியமனங்களுக்குத் தடை வந்தது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் நீக்கியது. 2018-இல் ஆதிசேஷய்யா குழு, தேவையற்ற பணியிடங்களைத் தேடப் புறப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்து, சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களை வரையறுத்து, தூய்மைப் பணி போன்றவற்றை வெளியே விட வழி செய்தது. கொடியின் நிறம் மாறியது, கணக்கு மாறவில்லை.

அந்தக் கணக்கை நான் கேலி செய்ய மாட்டேன். 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்து 60 வார்டுகளாக விரிந்த ஊர் இது. அத்தனைக்கும் நிரந்தர ஆள் போட்டால் வரிப்பணம் தாங்குமா என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்துக்கு விட்டதும் செலவு காணாமல் போவதில்லை. 'சம்பளம்' என்ற தலைப்பிலிருந்து வேறு தலைப்புக்கு இடம் மாறுகிறது. நிறுவனத்தின் லாபமும் அதில் சேர்கிறது. அப்படியும் மிச்சம் தெரிகிறதென்றால், அது பெரும்பாலும் கூலியிலும் பி.எஃப்-இலும் ஆள் எண்ணிக்கையிலும் பிடித்த மிச்சம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததும் இதனால்தான்.

திருப்பூருக்கு இதில் முன் அனுபவமே உண்டு. பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், தனியாரும் அரசும் சேர்ந்த கம்பெனியின் கையில் 2005-இல் ஓடத் தொடங்கியது. இந்தியாவே அதைப் பார்த்து வியந்தது. சாய ஆலைகள் கூடுதல் விலை தரும், அதனால் வீடுகளுக்கு மலிவாகத் தண்ணீர் கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பிறகு திறந்த ஆலைகளோ கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தத் தொடங்கின. தண்ணீர் வாங்க ஆள் குறைந்தால் ஏற்பாடு எப்படி நிற்கும்? குழாயும் நீரும் நல்ல காரியம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய வருமானத்தை நம்பி ஊர் நடத்த முடியாது.

பனியன் கம்பெனிக்காரர்கள் ஒன்றை மட்டும் எளிதில் வெளியே விடுவதில்லை: ஃபைனல் செக்கிங். யார் தைத்தாலும், ஓட்டை விழுந்த பீஸைப் பிரித்துப் போடும் கண் கம்பெனியின் கண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பையர் மொத்த ஆர்டரையும் திருப்பி அனுப்பிவிடுவார். மாநகராட்சிகள் பார்க்கத் தவறுவது இதைத்தான். சுகாதார ஆய்வாளர், மேற்பார்வையாளர், எடை மேடையில் நிற்பவர், பில்லைச் சரிபார்க்கும் பொறியாளர் ஆகியோரின் இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டால், ஒப்பந்ததாரர் எழுதித் தருவதுதான் கணக்கு. பாறைக்குழிகளில் கொட்டிய குப்பைக்கு எதிராக முதலிபாளையம், சின்னக்காளிபாளையம் மக்கள் தெருவுக்கு வந்தார்களே, குப்பை எங்கே போகிறது என்பதை அவர்கள்தான் செக்கிங் செய்துகொண்டிருந்தார்கள், சம்பளமில்லாமல்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. கூலி கொடுக்கும்போது அந்த நிறுவனத்தின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, வேலையை வெளியே விடலாம்; பொறுப்பை விட முடியாது. அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மூன்று தாள் கேளுங்கள்: உங்கள் வார்டில் பணிபுரிந்தவர்களின் வருகைப் பதிவு, அவர்களுக்குப் பி.எஃப் கட்டிய ரசீது, அள்ளிய குப்பையின் எடைச் சீட்டு.