எழுத்து இல்லையா, கணுவே இல்லையா?

காசிமேட்டில் நின்று பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் தெரியும் அல்லவா? இன்று அவை செயற்கைக்கோள் வழியாகப் பேசுகின்றன. முன்பு ஆபத்தில் உதவி கேட்க மோர்ஸ் முறை இருந்தது. அதில் இரண்டே குறிகள்தான்: புள்ளி, கோடு.

இதை மரம் மாதிரி வரையலாம். கணினிப் பாடத்தில் இதற்கு பைனரி மரம் என்று பெயர். மேலே வேர். புள்ளி என்றால் இடது கிளை, கோடு என்றால் வலது கிளை. போய்ச் சேரும் ஒவ்வொரு இடமும் ஒரு கணு. ஒரு கோடு டி, இரண்டு கோடு எம், மூன்று கோடு ஓ, ஐந்து கோடு 0.

நான் சார்ட்டில் வரைந்து எண்ணினேன். 26 ஆங்கில எழுத்து, 10 எண், மொத்தம் 36. கணினி எப்படி எண்ணும்?

1. கணுவே இல்லையா? 0 என்று சொல்லித் திரும்பு.
2. கணு இருக்கிறதா? இடப்பக்கத்தை எண்ணு, வலப்பக்கத்தை எண்ணு, இரண்டையும் கூட்டு.
3. அந்தக் கணுவில் எழுத்தோ எண்ணோ இருந்தால் 1 சேர்.

இடப்பக்கத்தை எப்படி எண்ணுவது? அதே மூன்று விதிதான்! தன்னையே கூப்பிடும் இந்த முறைக்கு ரிகர்ஷன் என்று பெயர். முதல் விதி இல்லாவிட்டால் எங்கே நிற்பது என்றே தெரியாது.

இங்கேதான் கவனம் வேண்டும். முதல் விதியை "எழுத்து இல்லாவிட்டால் திரும்பு" என்று மாற்றினால் என்ன ஆகும்? வேரில் எழுத்தே கிடையாது. அங்கேயே நின்றுவிடும், விடை 0! சரி, வேரை மட்டும் விட்டுவிடுவோம். அப்போதும் நான்கு கோட்டுக்கு எழுத்து இல்லை. ஆனால் அதற்குக் கீழேதான் 9, 0 இரண்டும் இருக்கு. இப்படி 2, 8, 9, 0 நான்கும் போய் விடை 32 ஆகிவிடும்.

வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் அடுத்த வீட்டுக்குப் போவார். தெருவே முடிந்தால்தான் திரும்புவார். அவ்ளோதான் வித்தியாசம்!

இது சின்ன விஷயம் இல்லைங்க. 1912-ல் டைட்டானிக் மூழ்கும்போது தான் இருக்கும் இடத்தை மோர்ஸில் அனுப்பியது. அதில் "மேற்கு 50 டிகிரி" என்று வரும். கார்பாத்தியா கப்பல் வந்து 700-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. அந்தச் செய்தியை 0 இல்லாத பட்டியலை வைத்துப் படித்திருந்தால்?

நீங்களே செய்து பாருங்கள்: புள்ளி, புள்ளி, கோடு, கோடு, கோடு என்பது 2. வழியில் எழுத்து இல்லாத கணு எது? வரைந்து கணக்கு மிஸ்ஸிடம் காட்டுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி