நான்கு வாசல் தட்டியவருக்கு ஐந்தாம் வாசல்

பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டு மும்பைக்கும் புனேவுக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறும் நம்மவர்களுக்குப் புது ஊரில் எளிதில் கிட்டாத ஒன்று உண்டு. அது, நம்மை அறிந்த முகம். சொந்த ஊரில் மளிகைக் கடைக்காரர் நம் பாட்டனாரையும் அறிவார். பற்றுக் கணக்கில் பெயரை எழுதிக்கொண்டு அரிசி மூட்டையை அனுப்பி வைப்பார். வந்த ஊரிலோ வங்கி அதிகாரி நம்மை அறியார். ஆகவே அவர் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தே கடனட்டை கொடுப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்கிறார். அந்த ஏட்டின் இயல்பை அறியாமையால் நம் இளைஞர்கள் பலர் இடர்ப்படுவதால், இம்மாதம் அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

யாவரும் ‘சிபில்’ என்று அழைக்கும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தோன்றியது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தொழிலுக்கு வரம்பு வகுத்தது. சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், செலுத்திய தவணை, தவறிய தவணை யாவும் இவற்றின் ஏடுகளில் ஏறுகின்றன. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடப்படுகிறது.

பலரும் அறியாத பதிவு இன்னொன்றும் உண்டு. கடனட்டை கோரி நாம் விண்ணப்பித்தவுடன், வங்கி நம் ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறது. பார்த்த வங்கியின் பெயர், நாள், கோரிய கடனின் வகை ஆகியவை ‘விசாரணை’ என்ற பகுதியில் பதிவாகின்றன. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் பதிவு நிற்கும். அடுத்த வங்கியின் கண்ணிலும் படும். கிராமத்தில் ஒருவர் ஒரே வாரத்தில் நான்கு வீடுகளில் கைமாற்றுக் கேட்டால், ஐந்தாம் வீட்டார் என்ன எண்ணுவர்? “இவருக்கு என்ன நெருக்கடியோ!” என்று தயங்குவர் அன்றோ? வங்கியின் தயக்கமும் அத்தகையதே.

மாற்றலாகி வந்து புதுக் குடித்தனம் போடும் ஓர் இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியையும் கைப்பேசியையும் ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பெயரில் வாங்குகிறார். அவை இரண்டும் கடன் விண்ணப்பங்களே என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. இருசக்கர வாகனத்துக்குக் கடன் பெற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர், ஒரே விண்ணப்பத்தைப் பல நிறுவனங்களுக்கு அனுப்புகிறார். இந்நிலையில் கடனட்டை கேட்கிறார், மறுக்கப்படுகிறது. ரோஷம் மேலிட, அன்றிரவே மேலும் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கிறார். மூன்றும் கைவிரிக்கின்றன. ஒரு தவணையும் தவறாதவர் அவர்! ஆயினும் ஊரிலுள்ள பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்ள வீட்டுக் கடன் கோரும் வேளையில், இந்த அவசரத்தின் சுவடு அவருக்கு முன்னே சென்று நிற்கக்கூடும். ஒரு விசாரணையால் குறையும் மதிப்பெண் சிறிதே. குறுகிய காலத்தில் பல சேர்வதே தீங்கு.

ஆகவே மறுப்பு வந்ததும் செய்யத்தக்க முதற் காரியம், வேறெங்கும் விண்ணப்பிக்காதிருத்தல். இரண்டாவது, காரணத்தைக் கேட்டறிதல். கடனட்டை விண்ணப்பத்தை மறுத்தால், அதற்குரிய குறிப்பான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டின் நெறிமுறையில் விதித்துள்ளது. இது சலுகையன்று, நம் உரிமை.

மூன்றாவது, நம் ஏட்டை நாமே வாசித்தல். மேற்கூறிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையுமென்று அஞ்ச வேண்டுவதில்லை.

அறிக்கையில் முதற்கண் நோக்க வேண்டியது நம் பெயர். தகப்பனாரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். இங்குள்ளோரோ குடும்பப் பெயர் எங்கே என்று வினவுவர். அதனால் பான் அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் வங்கிக் கணக்கில் மற்றொரு விதமாகவும் பெயர் அமைந்துவிடுகிறது. நம் கணக்கு ஏட்டில் சேராமலும், பிறர் கடன் நம் தலையில் ஏறியும் போக இது இடமளிக்கக்கூடும். அடுத்து, நாம் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து விசாரணை வந்துள்ளதா என்று காண்க. வந்திருப்பின் எவரேனும் நம் பெயரில் கடன் பெற முயன்றிருக்கலாம், உடனே முறையிடுக. முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன் பின்னர் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற விதியுண்டு. அதன் மேலும் குறை நீங்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம்.

ஏட்டில் பிழையின்றி, விசாரணைகள் யாவும் நம்முடையவையே எனில், பொறுமையே மருந்து. ஆறு மாத காலமேனும் புதுக் கடன் கோராது, உள்ள தவணைகளை நாள் தவறாது செலுத்தி வந்தால், பழைய விசாரணைகளின் வலு குன்றும். அட்டை இன்றியமையாததெனில், வைப்புத் தொகையை ஈடாகக் கொண்டு கடனட்டை வழங்கும் வங்கிகள் உள்ளன. அதைச் சிறிதளவே பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டி வருதல் நன்று. பணம் கொடுத்தால் மெய்யான பதிவுகளையும் அழித்துத் தருவோம் என்பாரை அண்டவிட வேண்டாம். பிழையைத் திருத்தக் கோருவதற்குக் கட்டணமே இல்லை.

ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, பால்காரரையும் அரிசிக் கடையையும் காட்டிக் கொடுக்கும் நம் பெரியோர்கள், முதற் சம்பளம் கைக்கு வருமுன் இதனையும் சொல்லி வைப்பார்களாக.