சுவிட்ச் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?

ஆபீஸ்லயோ காலேஜ் லேப்லயோ ஒரு மூலையில பச்சை லைட் மினுக் மினுக்னு எரியுற பெட்டியைப் பார்த்திருப்பீங்க. வரிசையா கேபிள் செருகியிருக்கும். அதுதான் நெட்வொர்க் சுவிட்ச். அங்கிருக்கும் கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாத்தையும் இணைக்கிறது அதுதான். அதுக்குள்ள நுழையத் தெரிஞ்சவர், மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்திட முடியும்.

இது பெருநகர ஐ.டி கம்பெனி விவகாரம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்பு கொடுப்பது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. சங்கரன்கோவில் பக்கத்துல இருக்கும் குருவிகுளம் ஒன்றியத்து ஊராட்சிகளும் அதில் அடக்கம். நெட் வந்த இடத்துக்கு இந்தப் பெட்டிகளும் வரும். அப்போ சாவி யார்கிட்ட?

ஒரே ஆள்கிட்ட சாவி

2008 ஜூலை, அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ. மாநகர நிர்வாகத்தின் ஃபைபர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கிட்டவர் டெர்ரி சைல்ட்ஸ் என்ற இன்ஜினீயர். அதன் முழு அதிகார பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான் இருந்தது. அதிகாரிகள் கேட்டப்போ தர மறுத்தார், கைதானார். மேயர் கேவின் நியூசம் ஜெயிலுக்கே போய் பார்த்த பிறகுதான் கொடுத்தார். அதுவரை நெட்வொர்க் ஓடிக்கிட்டுதான் இருந்தது. ஆனா, அதில் எதையும் மாத்த அதிகாரிகளால முடியலை. 2010-ல் அவருக்கு 4 வருஷ சிறைத்தண்டனை கிடைச்சது.

பூட்டே இல்லைன்னா?

2018 ஏப்ரலில் நடந்தது இதுக்கு நேர்மாறு. சிஸ்கோ சுவிட்ச்களில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்'னு ஒரு வசதி உண்டு. கட்டளை அனுப்புறது யாருன்னு சரிபார்க்காமலே அது ஏத்துக்கும். இணையத்துக்குத் திறந்து கிடந்த சுவிட்ச்களுக்குள்ள இந்த வழியா ஹேக்கர்கள் புகுந்து செட்டிங்ஸை அழிச்சாங்க. ஈரானில் மட்டும் சுமார் 3,500 சுவிட்ச்கள் பாதிக்கப்பட்டதா அந்நாட்டு அரசு சொன்னது.

மூணு கேள்வி

நல்லா செட் பண்ணின சுவிட்ச் மூணு விஷயம் பார்க்கும். நீ யார்? உனக்கு என்ன செய்ய அனுமதி? நீ என்ன செஞ்சே? முதல் கேள்விக்குப் பதில் யூசர்நேம், பாஸ்வேர்டு. ரெண்டாவதுக்கு அதிகார நிலைகள். சிஸ்கோ சுவிட்ச்களில் இது 0 முதல் 15 வரை இருக்கு. 1-ல் நுழைபவர் நிலவரத்தைப் பார்க்கலாம், செட்டிங்ஸை மாத்த முடியாது. 15-ல் இருப்பவர் எதையும் மாத்தலாம். மூணாவதுக்கு, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு சொல்ற பதிவு.

எல்லாரும் 'அட்மின்'ங்கிற ஒரே பேர்ல நுழைஞ்சா இந்த மூணுமே வீண். தப்பு நடந்தா யார் செஞ்சதுன்னே தெரியாது.

என்ன செய்யலாம்?

* பெட்டியோட வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்க.
* ஆளுக்கொரு தனி யூசர்நேம் கொடுங்க. வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அதிகாரம்.
* டெல்நெட் வேண்டாம். அதில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையா போகும். எஸ்.எஸ்.ஹெச் பயன்படுத்துங்க.
* வேலையை விட்டுப் போனவரின் யூசர்நேமை அன்னைக்கே நீக்குங்க.
* முழு அதிகார பாஸ்வேர்டை எழுதி, கவர்ல சீல் வெச்சு, பொறுப்பானவர் பீரோவில் வைங்க.

உங்க கடையிலயோ ஆபீஸ்லயோ நெட் மாட்ட ஆள் வந்தா, பில்லைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "அண்ணே, இதோட பாஸ்வேர்டு எங்க பேர்ல இருக்கா, உங்க பேர்ல இருக்கா?"