வராத கப்பலுக்கு வாங்கச் சொன்ன காய்கறி

ராசிங்காபுரத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் பக்கத்துப் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். யார், எவ்வளவு சரக்கு கேட்டார் என்ற செய்தி சரக்குக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். 1971-ல் வங்காள விரிகுடாவில் ஒரு நீர்மூழ்கியை வாசல்வரை வரவழைத்ததில் இந்தச் சந்தைப் பேச்சுக்கும் பங்கு உண்டு.

கிழக்கு பாகிஸ்தானுக்குக் கடல்வழியே ஆளோ ஆயுதமோ போகாமல் அடைப்பது இந்தியக் கடற்படையின் திட்டம். அதற்கு நம்பியிருந்தது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை. அதுவோ கொதிகலன் ஒன்று விரிசல் விட்டு, வேகம் குறைந்து கிடந்தது. அதை வேட்டையாடத்தான் பாகிஸ்தானின் காஸி நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி வந்தது. 1963-ல் அமெரிக்கா குத்தகைக்குக் கொடுத்த பழைய நீர்மூழ்கி அது.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, சென்னையில் இருந்த கடற்படை அதிகாரிக்குப் போன் போட்டார். விக்ராந்த் அங்கே வரப்போகிறது, துறைமுகத்தில் இடம் கேளுங்கள், ரேஷன் காண்ட்ராக்டர்களைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்றார். இத்தனை ரகசியத்தையும் சாதாரண போனில் உடைக்கிறாரே என்று அதிகாரி ஆடிப்போனார். ஒட்டுக்கேட்கட்டும் என்றுதானே பேசியதே! விசாகப்பட்டினத்திலும் இறைச்சியும் காய்கறியும் மூட்டை மூட்டையாகக் கேட்டார்கள். ராஜ்புத் என்ற கிழட்டு நாசகாரிக் கப்பல், கடலில் நின்று விக்ராந்தைப்போல் ஓயாமல் வயர்லெஸ் செய்தி அனுப்பியது. விக்ராந்தின் மாலுமி ஒருவர் தாயின் உடல்நிலையை விசாரிப்பதுபோலக்கூட ஒரு தந்தி போனது. எனக்குப் பீரங்கியைவிட இந்தத் தந்திதான் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 3 மாலை போர் மூண்டது. அன்று நள்ளிரவை ஒட்டி, விளக்குகளை அணைத்துக்கொண்டு ராஜ்புத் விசாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பியது. துறைமுகக் கால்வாயைத் தாண்டியதும் முன்னால் தண்ணீர் கலங்குவதைக் காவலாள் பார்த்துச் சொன்னார். கேப்டன் இந்தர் சிங் கப்பலைத் திருப்பி, இரண்டு ஆழ்கடல் வெடிகளைப் போட்டார். சற்று நேரத்தில் கரையிலிருந்தவர்களுக்கே கேட்கும்படி பெரிய வெடிச்சத்தம். விடிந்தபின் மீனவர்கள் கையில் மிதவைப் பொருட்கள் சிக்கின. காஸியிலிருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத்தின் வெடிதான் மூழ்கடித்தது என்று நம் கடற்படை சொல்கிறது. காஸி தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது, அல்லது உள்ளேயே ஏதோ வெடித்தது என்கிறது பாகிஸ்தான். வழக்கு இன்னும் முடியவில்லை. காஸியை மூழ்கடித்த பெருமையை ராஜ்புத்துக்கு அவசரப்பட்டுக் கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் விக்ராந்த் இல்லாத துறைமுகத்தின் வாசலில் காஸி காத்துக் கிடந்ததற்குக் காரணம் எந்த வெடியும் இல்லை.

நீர்மூழ்கிகளை லேசாக எடைபோட்டுவிட முடியாது. டிசம்பர் 9 அன்று மேற்குக் கரையில், டையூ அருகே ஹங்கோர் என்ற மற்றொரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் போர்க்கப்பலான குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மடிந்தார்கள். கிழக்கில் அந்தப் பயம் இல்லாமல் போயிற்று. காஸி மூழ்கிய அன்றே, டிசம்பர் 4-ல், விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டாக்காவில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான டிசம்பர் 16 வரை, பாகிஸ்தான் படைக்குக் கடல்வழி திறக்கவே இல்லை.