குறுக்கெழுத்துப் புதிரில் வஞ்சமும் வாய்மையும்

ஒருவரை ஏமாற்றுதற்கென்றே மற்றொருவர் நாடோறும் முயல்வதும், ஏமாறுபவர் அதனைக் காசு கொடுத்து வாங்கி இன்புறுவதும் உலகியலில் அரியன. ஆங்கில நாட்டு நாளிதழ்களில் வெளிவரும் மறைபொருட் குறுக்கெழுத்துப் புதிர் அத்தகையது. நம்மவர் பத்திரிகைகளிற் பெரிதும் பயின்றுவந்த குறுக்கெழுத்துப் போட்டி ஒரு சொல்லின் பொருளைக் கூறி அச்சொல்லை வினவுவது. அங்கே குறிப்பு மெய்யே உரைக்கும். அறிந்தவர் எழுதுவர், அறியாதவர் அகராதியை நாடுவர். மறைபொருட் புதிரிலோ குறிப்பு ஒன்றைச் சொல்வது போன்று மற்றொன்றைச் சொல்லும். இங்ஙனம் நாடோறும் வஞ்சிக்கப்படுவோர் சினங்கொண்டு விலகாது மறுநாளும் அதே பக்கத்தைத் தேடி வருதற்குக் காரணம் யாது? அவ்வஞ்சனைக்கு ஓர் அறம் உண்டு என்பதே அதற்கு விடை. அவ்வறம் உருவான வரலாறும், அதனைப் பற்றி எழுந்த வாதமும் மொழிபயில்வோர் அறிதற்குரியன.

குறுக்கெழுத்துப் புதிரின் பிறப்பு அமெரிக்காவில் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் இலிவர்ப்பூலிற் பிறந்தவரான ஆதர் வின் என்பார், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் தேதி, 'நியூ யோர்க் வேர்ல்ட்' என்னும் பத்திரிகையில் முதற் புதிரை வெளியிட்டார். பத்தாண்டுகளுள் அந்நாடு முழுவதும் அதில் மயங்கிற்று. 1924இல் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை, அமெரிக்கா இதற்கு அடிமையாயிற்று என இரங்கி எழுதியது. இரங்கிய அப்பத்திரிகையே 1930ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாந் தேதி தன் பக்கத்திலும் அதற்கு இடமளித்தது! முதற் புதிரை அமைத்த ஏட்றியன் பெல், கமத்தொழில் செய்து அதனைப் பற்றி நூல்களெழுதியவர். அதற்கு முன் ஒரு புதிரையேனும் விடுவித்தறியாதவர் என்பர். கடல் கடந்து வந்த இவ்விளையாட்டை ஆங்கிலேயர் தம் மொழியின் இரட்டுறு மொழிதலோடு கலந்து வேறொன்றாக்கினர்.

அதன் இயல்பைத் தமிழ்ச் சொற்கொண்டு விளக்குதல் எளிது. 'காட்டு விலங்கைத் தருமாறு கேட்டாற் குளத்துப் பூக் கிடைக்கும் (3)' என ஒரு குறிப்பைக் கொள்வோம். அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துத் தொகையைக் காட்டும். வாசிப்பவர் மனம் காட்டையும் குளத்தையும் நாடி அலையும். ஆயின், தருமாறு கேட்டல் 'தா'. காட்டு விலங்கு 'மரை'. இரண்டுங் கூடத் 'தாமரை'. குளத்துப் பூ என்பதும் அதுவே. எனவே ஒரே விடைக்கு இருவேறு வழிகள் அமைந்துள்ளன. ஒன்று விடையின் பொருள். மற்றொன்று விடையின் ஆக்கம். பொருள் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது இறுதியில் நிற்றல் வேண்டும் என்பது மரபு. இரண்டு வழியாலும் ஒரே சொல்லை அடைந்தாலன்றி விடுவித்தவர் அமைதி கொள்ளார்.

ஆக்கம் பலவகைப்படும். 'தவம் குலைந்தாற் கொலை (3)' என்பதில், 'தவம்' என்னுஞ் சொல்லின் எழுத்துகளே இடம் பெயர்ந்து 'வதம்' ஆகின்றன. 'குலைந்தால்' என்பது அப்பெயர்ச்சிக்கு அடையாளம். 'படி என்பதைத் திருப்பிச் சொன்னால் இறைவனை அழைத்ததாகும் (2)' என்பதிற் படி என்பது அளவைப் படியுமன்று, வாயிற் படியுமன்று. வாசி என்னும் ஏவல். அதனைத் திருப்பின் 'சிவா' என்னும் விளி பிறக்கும். 'மாணவர் விழித்திருக்கவேண்டிய இடம், ஏனையோர் உறங்குமிடம் (3)' என்பது இருபொருட் குறிப்பு, விடை 'பள்ளி'. வகுப்பிற் சில மாணவர் இரு பொருளையும் ஒருங்கே மெய்ப்பிப்பதுண்டு. ஆங்கிலத்தில் இவற்றினுங் குறும்பானவை உள. 'எச்' முதல் 'ஓ' வரையுள்ள எட்டு எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு, ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைக் கேட்கும் குறிப்பு பெயர்பெற்றது. 'எச் ரு ஓ' என ஆங்கிலத்திற் சொல்லின் எச் முதல் ஓ வரை என்றும் பொருள்படும். நீரின் இரசாயனக் குறியீடாகவும் ஒலிக்கும். விடை தண்ணீர் எனும் ஆங்கிலச் சொல். அவ்வாறே மலரைக் குறிக்கும் 'ஃபிளவர்' என்னுஞ் சொல்லைக் கண்டால் தேர்ந்தவர் ஆற்றையே முதலில் நினைப்பர். பாய்தலைக் குறிக்கும் வினையோடு விகுதி சேர்ந்து பாய்வது எனவும் அச்சொல் நிற்குமன்றோ!

இத்தகைய சொல்லாடல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலிற் கூறும் வினாவுத்தரம், ஒரு தொடரின் கூறுகள் தனித்தனி வினாக்களுக்கு விடையாகி, முழுதும் ஓர் இறுதி வினாவுக்கு விடையாவது. மேலே தாமரைக்குக் கூறிய முறையும் அதுவே. அக்கரச் சுதகம் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வெவ்வேறு சொற்கள் தோன்றுவது. ஆயினும் நாம் அவற்றைப் புலவரின் வித்தகமாகப் போற்றினோம். ஆங்கிலேயர் புகைவண்டியிற் செல்வோர்க்கும் உரிய நாட்கடனாக்கினர். கட்டங்களில் அமைத்தற்கு அவர்தம் 26 எழுத்துகள் பெரிதும் இடங்கொடுக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. நம் 247 எழுத்துகளுள் 'த' இருக்கும் கட்டத்திற் 'தா' புகாது. ஆதலின் குறுக்குஞ் சொற்களைப் பொருத்துதல் தமிழிற் பன்மடங்கு அரிது.

இனி அறத்தைப் பற்றியது. தொடக்கத்தில் அஃது இருந்ததில்லை. 1926 முதல் இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகைக்குப் புதிரமைத்த எட்வேட் பொவிஸ் மதேர்ஸ், ஸ்பானிய மதவிசாரணைத் தலைவரின் பெயராகிய தொர்க்கெமாதா என்பதைப் புனைபெயராகக் கொண்டார். பெயருக்கேற்ப வாசகரை வதைத்தார். அவர்தம் குறிப்புகள் இலக்கியச் சுவை மிக்கன. ஆயின், விடுவிப்பவர் எதனை எதிர்பார்க்கலாம் என்பதற்கு வரம்பு இருந்ததில்லை. அவர் 1939இல் மறைந்தபின் அவ்விடத்திற்கு வந்தவர் டெரிக் மக்நட் என்னும் கிரேக்க இலத்தீன் ஆசிரியர். அவரும் மற்றொரு விசாரணைத் தலைவரின் பெயரைத் தேர்ந்து சிமெனிஸ் ஆயினார். ஆனால், இவ்விசாரணையாளர் சட்டத்தை முதலிற் பிரயோகித்தது புதிரமைப்போர் மீதே.

அச்சட்டத்திற்கு வித்திட்டவர் அலிஸ்ரர் ரிச்சி என்னும் தலைமையாசிரியர். அவர் 'அஃப்ரிற்' என்ற பெயரில் எழுதினார். அஃது அராபியப் பூதம் ஒன்றின் பெயர். அவர் பெயரின் முதலெழுத்துகளும் அதனுட் கரந்துள்ளன. 1949இல் வெளிவந்த தம் நூலில் அவர் வகுத்த நெறியின் சாரம் இதுவாகும்: புதிரமைப்போர் தாம் கருதாததைக் கருதினாற்போல் தோன்றச் செய்யலாம், ஆயின், எழுதிய சொற்கள் அவர் உண்மையிற் கருதியதை இலக்கண வழுவின்றி உணர்த்தியே ஆகவேண்டும். சிமெனிஸ் இதனை விரித்து 1966இல் ஒரு தனிநூலே செய்தார். பொருள் செவ்விதாயிருத்தல் வேண்டும். ஆக்கம் முறையாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் அடங்காத மிகைச்சொல் ஒன்றும் இருத்தலாகாது என்பது அவர் துணிபு.

இவ்விதியின் நுட்பம் ஓர் எடுத்துக்காட்டாற் புலப்படும். 'தலையிழந்த குதிரை கடலிலே புரளும் (2)' என ஒருவர் எழுதுகின்றார். குதிரையின் முதலெழுத்தை நீக்கத் 'திரை' எஞ்சும். திரை கடலிற் புரளும். கேட்போர் நன்றென்பர். சிமெனிஸ் நெறியினரோ மறுப்பர். 'கடலிலே புரளும்' என்பது வினை. 'திரை' என்பது பெயர். வினை பெயருக்குப் பொருளாதல் யாங்ஙனம்? 'கடலிலே புரள்வது தலையிழந்த குதிரை' என மாற்றின் வழு நீங்கும், மயக்கமும் குறையாது. ஓரெழுத்துத் திரிபிற்கு இத்துணை வழக்கா எனச் சிலர் நகுவர். ஆனால், அந்த ஓரெழுத்தே பொறிக்கும் புதிருக்குமுள்ள வேற்றுமை. விடையைக் கண்டபின், 'இதனை நான் கண்டிருக்கவேண்டுமே' என்று விடுவிப்பவர் தம்மை நொந்துகொள்வாராயின் அது புதிர். 'இதனை எவர் காண இயலும்?' என்று அமைத்தவரை நோவாராயின் அது பொறி.

புதிரை விடுவித்தலோடு அதனை ஆராய்ந்துரைத்தலும் தொடர்ந்து வருதற்குக் காரணம் இதுவே. குறுக்கே வந்த எழுத்துகளின் உதவியால் விடையை ஊகித்து நிரப்பியவர் பாதி வேலையே செய்தவர். வழி காட்டாது விடை மட்டும் எழுதிய கணக்கைப் போன்றது அது. ஒவ்வொரு சொல்லும் என்ன தொழில் செய்கின்றது எனக் காட்டினாலன்றி விடை நிறுவப்பட்டதாகாது. சிமெனிஸ், வாசகரையே குறிப்பெழுதச் செய்து போட்டி நடாத்தினார். சிறந்தவற்றைப் பாராட்டியும் வழுவுள்ளவற்றைக் கண்டித்தும் அச்சிட்ட தாள்களை அவர்களுக்கு அனுப்பிவந்தார். ஆசிரியர் ஒப்படைகளைத் திருத்துவது போன்ற அத்தாள்களே ஒரு தலைமுறையினர்க்கு இக்கலையின் பாடசாலையாயின. அவர் 1971இல் மறைய, அடுத்த ஆண்டு அவ்விடத்தை ஏற்ற யொனதன் குரோதர், டெசா என்னும் பிறிதொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்திற் பின்னிருந்து எழுதி 'ஏசெட்' ஆனார்.

புதிரமைப்பவர் நேர்மை வேறொரு வகையிலும் ஐயுறப்பட்டதுண்டு. 'டெய்லி ரெலிகிராப்' பத்திரிகையின் புதிரமைப்பாளருள் ஒருவரான லெனாட் டோ, தலைமையாசிரியராகவும் விளங்கினார். நேசப்படைகள் நோர்மண்டியில் இறங்கிய 1944 யூன் 6ஆந் தேதிக்கு முந்திய சில வாரங்களில், யூற்றா, ஒமாகா, ஓவர்லோர்ட், மல்பெரி, நெப்டியூன் என்னும் இரகசியச் சொற்கள் அப்பத்திரிகைப் புதிர்களில் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாயின. உளவறியும் பகுதியினர் அவரை விசாரித்தும் குற்றம் எதுவுங் கண்டிலர். கட்டங்களை நிரப்பச் சொற்கள் தருமாறு அவர் மாணவரைக் கேட்பது வழக்கம். அருகே முகாமிட்டிருந்த போர்வீரர் வாயிலாகக் கேட்ட சொற்களையே தாம் கொடுத்ததாக அவர்தம் பழைய மாணவர் ஒருவர் 1984இல் வெளிப்படுத்தினார்.

சிமெனிஸ் நெறிக்கு எல்லோரும் தலைவணங்கினர் அல்லர். 'கார்டியன்' பத்திரிகையில் 'அரோகேரியா' என்னும் பெயரால் நெடுங்காலம் எழுதிய யோன் கிரேயம் என்னும் பாதிரியார், விதியின் எழுத்தினும் சுவையே பெரிதெனக் கொண்டவர். அவர் மீறல்களைப் பொறாதவரும் அவர்தம் புதிரைத் தவறவிட்டாரல்லர். 2013 சனவரியில், தமது 91ஆம் வயதில், அவர் வெளியிட்ட ஒரு புதிரின் முன்னுரை, தமக்கு இன்ன எண்ணின் விடையாகிய நோய் இன்ன எண்ணின் விடையாகிய உறுப்பில் உள்ளதென்றும், இன்ன எண்களின் விடையாகிய சிகிச்சை நடைபெறுகின்றதென்றும் மட்டுங் கூறிற்று. வாசகர் வழக்கம்போல் எழுதுகோலை எடுத்தனர். கட்டங்கள் நிரம்ப நிரம்பப் புற்றுநோய், உணவுக்குழாய், வேதனை தணிக்கும் பராமரிப்பு என்னுஞ் சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவர் அவ்வாண்டு நவம்பரிற் காலமானார்.